கிராமத்து ஆற்றில் நீர்மட்டமும் நீரோட்டமும் அளக்க: பலகையா, அழுத்த உணரியா, மீயொலியா, ராடாரா?

ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பதைத் தாங்களே அளந்து பதிவு செய்ய விரும்பும் பாசன சங்கங்களும் ஊராட்சிகளும் கல்லூரிக் குழுக்களும் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: எந்தக் கருவியை வாங்குவது? விலைப்பட்டியல்களை மட்டும் அருகருகே வைத்துப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. ஆகவே தாமிரபரணியின் கீழ்ப் பகுதியை, அதாவது மருதூர், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுகளை (நீர் மேலே வழிந்தோடும்படி ஆற்றின் குறுக்கே கட்டிய தாழ்வான சுவர்களை) ஒட்டிய பகுதியை, எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு வழிமுறைகளை ஒப்பிடுகிறேன்.

பாபநாசம், மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டமும் திறப்பும் நாள்தோறும் செய்தித்தாளில் வந்துவிடுகின்றன. முறப்பநாட்டில் மத்திய நீர் ஆணையத்தின் அளவீட்டு நிலையமும் இருக்கிறது. பிறகு ஊருக்கென்று தனி அளவு எதற்கு? பச்சையாறும் சிற்றாறும் அந்த அணைகளுக்குக் கீழேதான் தாமிரபரணியில் சேருகின்றன. சமவெளியில் பெய்யும் மழையும் ஓடைகள் வழியாக நேரே ஆற்றுக்கு வந்துவிடுகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியபோது, அணையின் திறப்பு அறிக்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த எவருக்கும் கீழ்ப் பகுதியில் நடக்கப்போவது தெரிந்திருக்க வழியில்லை. வறட்சிக் காலத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. மேலே திறந்துவிட்ட தண்ணீரில் கடைசி அணைக்கட்டுக்கு எவ்வளவு வந்து சேர்ந்தது என்பதுதான் அப்போது கேள்வி.

## முதலில் எதற்காக அளக்கிறோம்?

கார், பிசானம் என்ற நெல் பருவங்களில் தண்ணீரைப் பங்கிடுவதற்காக அளப்பவருக்குக் குறைந்த நீரில் ஓரிரு சென்டிமீட்டர் வேறுபாடும் முக்கியம். அவருக்கு மட்டம் போதாது, நொடிக்கு எத்தனை கனஅடி நீர் ஓடுகிறது என்ற கனஅடிக் கணக்கு வேண்டும். வெள்ள எச்சரிக்கைக்காக அளப்பவருக்கு 5 செ.மீ. பிழை ஒரு பொருட்டில்லை. ஆனால் நள்ளிரவு இரண்டு மணிக்கு, மின்சாரமும் செல்போன் கோபுரமும் செயலிழந்த நிலையிலும் அளவு கிடைக்க வேண்டும். பல ஆண்டுகளுக்கான பதிவை உருவாக்க விரும்புபவருக்கோ இரண்டையும்விட, அளவின் தொடக்கப் புள்ளி ஒருபோதும் நகராதிருப்பதே அடிப்படை.

இவற்றிலிருந்து நான்கு அளவுகோல்கள் பிறக்கின்றன. முதலாவது, குறைந்த நீரில் எவ்வளவு துல்லியம் கிடைக்கும் என்பது. இரண்டாவது, பெருவெள்ளத்தில் கருவி பிழைக்குமா, தகவல் கைக்கு வருமா என்பது. மூன்றாவது, ஐந்தாண்டுப் பராமரிப்புச் செலவு. நான்காவதை வாங்குபவர்கள் பெரும்பாலும் கேட்பதே இல்லை: கருவி தவறான எண்ணைக் காட்டும்போது, அது தவறு என்று யார், எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

| முறை | குறைந்த நீரில் | இரவிலும் வெள்ளத்திலும் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| அளவுப் பலகை, அளவெடுப்பவர் | நன்று | ஆள் போக முடிந்தால் மட்டும் | மாத ஊதியம், விடுப்புக்கு மாற்றாள் |
| அழுத்த உணரி | மிக நன்று | பதிவாகும். அடித்துச் செல்லப்படலாம் | ஈர உறிஞ்சி, வண்டல் அகற்றல் |
| மீயொலி உணரி | பாலம் உயரமானால் மோசம் | ஓரளவு | வெப்பநிலைப் பிழை, குளவிக் கூடு |
| ராடார் | நன்று | மிக நன்று | பாலத்துக்கான அனுமதி, தொடக்க விலை |

## அளவுப் பலகையும் அளவெடுப்பவரும்

பீங்கான் பூச்சிட்ட இரும்புப் பலகையைப் பாலத் தூணிலோ கரையில் கான்கிரீட்டில் ஊன்றிய கம்பத்திலோ பொருத்திவிட்டு, ஒருவர் நாள்தோறும் காலை எட்டு மணிக்கும், வெள்ளக் காலத்தில் மணிக்கொரு முறையும் பார்த்து எழுதுவதுதான் இந்த முறை. அலையடிக்கும்போது அலையின் உச்சியையும் பள்ளத்தையும் பார்த்து நடுமட்டத்தை எழுத வேண்டும் என்பதைத் தவிர இதில் பெரிய பயிற்சி ஏதுமில்லை. மதகைத் திறந்து மூடும் பாசன லஸ்கருக்கோ கரையோரத்தில் கடை வைத்திருப்பவருக்கோ இதை ஒரு பிற்பகலில் கற்றுக்கொடுத்துவிடலாம். பலகையைச் செல்போனில் படமெடுத்துக் குழுவுக்கு அனுப்பச் சொன்னால், எழுதப்பட்ட எண்ணுக்கு நேரத்தோடு சான்றும் கிடைத்துவிடும்.

இதன் குறை இரவுதான். வெள்ளத்தின் உச்சம் பெரும்பாலும் எவரும் பார்க்காத நேரத்தில் கடந்துபோகிறது. இதற்கு மிக மலிவான துணைக்கருவி ஒன்று இருக்கிறது. இரண்டங்குல இரும்புக் குழாயின் அடிப்பக்கத்தில் சில துளைகளும், மேல்மூடியில் காற்று வெளியேற ஒரு துளையும் இட்டு, உள்ளே ஒரு மரச்சட்டத்தை நிறுத்தி, அடியில் ஒரு பிடி தக்கைத் தூளைப் போட்டு, பலகைக்குப் பக்கத்தில் நட்டுவிட வேண்டும். வெள்ளம் ஏறும்போது தூள் மிதந்து ஏறும். இறங்கும்போது உச்சமட்டத்தில் சட்டத்தின்மீது ஒட்டிக்கொள்ளும். மறுநாள் சட்டத்தை உருவி அளந்தால் உச்சம் தெரிந்துவிடும். சட்டத்தைத் துடைத்துப் புதிய தூளைப் போட்டால் அடுத்த வெள்ளத்துக்குத் தயார். எந்த நேரத்தில் உச்சம் வந்தது என்பதை மட்டும் இது சொல்லாது. மின்சாரம் வேண்டாத, திருடுவதற்கு ஒன்றுமில்லாத இந்தக் குழாயை நம் ஆறுகளில் அதிகம் காண முடியாதது எனக்கு வருத்தமே.

உண்மையான செலவு பலகையில் இல்லை, ஆளில் இருக்கிறது. மாத ஊதியத்தை மூன்று மாதம் நிறுத்திவைத்தால், வீட்டிலிருந்தபடியே எழுதிய எண்கள் ஏட்டில் ஏறத் தொடங்கும். ஒரே மட்டம் பத்து நாள் தொடர்ந்து பதிவாகியிருந்தால் அதுவே அறிகுறி. தண்ணீரைப் பங்கிடும் சங்கத்துக்கும், சிறிய நிதியோடு தொடங்கும் எவருக்கும் இதுவே சிறந்த தொடக்கம். வேறு எந்தக் கருவியை வாங்கினாலும் அதைச் சரிபார்க்கப் பக்கத்தில் ஒரு பலகை இருந்தே ஆக வேண்டும் என்பதால், இதற்குச் செலவிட்டது ஒருபோதும் வீணாகாது.

## நீருக்குள் வைக்கும் அழுத்த உணரி

விரல் பருமனுள்ள எஃகு உருளையை ஆற்றடியில் ஒரு குழாய்க்குள் பொருத்தினால், தனக்கு மேலே நிற்கும் நீரின் எடையை அது அழுத்தமாக உணர்ந்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மட்டமாகப் பதிவு செய்யும். பாலமே இல்லாத இடத்தில், கரையிலிருந்து கேபிள் இழுத்து நிறுவ முடியும் என்பது இதன் தனிச்சிறப்பு. குறைந்த நீரில் ஒரு சென்டிமீட்டருக்குள் துல்லியம் தரக்கூடியது.

வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, கேபிளுக்குள் காற்றுக்குழாய் உண்டா என்பது. அந்தக் குழாய் இல்லாத வகை நீரின் அழுத்தத்தோடு வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்தே அளக்கும். வளிமண்டல அழுத்தத்தை ஹெக்டோபாஸ்கல் என்ற அலகில் சொல்வார்கள்; ஒரு ஹெக்டோபாஸ்கல் மாற்றம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீருக்குச் சமம். நம்முடைய வெப்ப மண்டலத்தில் வளிமண்டல அழுத்தம் காலை பத்து மணியளவிலும் இரவு பத்து மணியளவிலும் ஏறி, பிற்பகல் நான்கு மணியளவிலும் விடியற்காலையிலும் இறங்குகிறது. இந்த ஏற்ற இறக்கம் மூன்று, நான்கு ஹெக்டோபாஸ்கல் வரை இருக்கும். கரையில் இன்னொரு உணரியை வைத்து வளிமண்டல அழுத்தத்தைக் கழிக்காவிட்டால், அசையாமல் நிற்கும் ஆறுகூடத் தினமும் இருமுறை மூன்று, நான்கு சென்டிமீட்டர் ஏறி இறங்குவதாக வரைபடம் காட்டும். மேலே யாரோ மதகைத் திறந்து மூடுவதாக இதைப் பார்த்துக் குற்றம் சாட்டிவிடவும் கூடும். புயல் நெருங்கி வளிமண்டல அழுத்தம் 20 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால், ஏறிக்கொண்டிருக்கும் ஆற்றை 20 செ.மீ. தாழ்த்திக் காட்டும், எச்சரிக்கை மிக அவசியமான நேரத்தில் வரும் பிழை இது.

காற்றுக்குழாய் உள்ள வகைக்கு வேறொரு தொல்லை உண்டு. குழாயின் கரைமுனையில் ஈரத்தை உறிஞ்சும் மணிகள் இருக்கின்றன. நம் கடலோர ஈரப்பதத்தில் அவை விரைவில் நிறம் மாறிப் பயனற்றுப் போகின்றன. மாற்றாமல் விட்டால் குழாய்க்குள் நீர்த்துளி படிந்து அளவு மெல்ல நகரும். அணைக்கட்டுக்கு மேலே வண்டல் படியும் இடங்களில் உணரியே புதைந்துபோகும். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் மேற்பகுதியில் வண்டல் எவ்வளவு சேர்ந்திருந்தது என்பதை 2015ஆம் ஆண்டுத் தூர்வாரும் சர்ச்சையைக் கவனித்தவர்கள் அறிவார்கள். பாலம் இல்லாத இடத்துக்கும், கரையில் கட்டிய கான்கிரீட் கால்வாய்க்கும் இதைத் தேர்ந்தெடுக்கலாம். மணல் நகரும் திறந்த ஆற்றுக்கு வேண்டாம்.

## பாலத்தின் கீழே மீயொலி உணரி

விலை குறைவு, நீரைத் தொடாது, நிறுவுவது எளிது. கல்லூரி மாணவர்கள் தாங்களே செய்து பார்ப்பதும் பெரும்பாலும் இதைத்தான். ஒலி போய்த் திரும்பும் நேரத்தை அளந்து தொலைவைக் கணக்கிடுகிறது. ஆனால் காற்றில் ஒலியின் வேகம் வெப்பநிலையோடு மாறுகிறது, ஒரு டிகிரிக்கு நொடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர். கருவிக்குள் ஒரு வெப்பமானி இருக்கிறது என்று விற்பனையாளர் சொல்வார். பிற்பகல் வெயிலில் காயும் பெட்டிக்குள் இருக்கும் வெப்பமானி, நீருக்கு மேலே இருக்கும் குளிர்ந்த காற்றைவிட 10 டிகிரி அதிகம் காட்டினால், 9 மீட்டர் உயரப் பாலத்தில் 15 செ.மீ. அளவுக்குப் பிழை வரும். நண்பகலில் ஆறு வற்றுவதும் இரவில் நீர் பெருகுவதுமாக ஒரு பொய்யான தாளம் பதிவேட்டில் நிற்கும்.

ஒலிக்கற்றை போகப்போக விரிவதால், தூணுக்கு அருகில் பொருத்தினால் தூணின் எதிரொலியையே நீர்மட்டமாகப் படித்துவிடும். ஒலி வெளிவரும் கூம்பில் குளவி மண்ணைக் குழைத்துக் கூடு கட்டுவது சாதாரணமாக நடப்பது. கூடு முழுமையாக அடைக்கும்வரை கருவி நின்றுபோகாது, தவறான எண்ணை அமைதியாக அனுப்பிக்கொண்டே இருக்கும். உணரிக்கும் நீருக்கும் இடையே இரண்டு, மூன்று மீட்டருக்கு மேல் இல்லாத வாய்க்கால் தலைமதகுகளில் இது நன்றாகவே வேலை செய்யும். உயரமான ஆற்றுப் பாலத்தில் பணம் மிச்சப்படுத்துவதாக நினைத்து இதைப் பொருத்துவதை நான் ஆதரிக்கமாட்டேன்.

## பாலத்தின் கீழே ராடார்

ராடார் அலையின் வேகத்தைக் காற்றின் வெப்பநிலை ஏறத்தாழ ஒன்றுமே செய்வதில்லை. இந்த ஒரு காரணமே உயரமான பாலங்களில் இதை முதலிடத்துக்குக் கொண்டுவருகிறது. நீரைத் தொடாததால் வண்டலோ மிதந்துவரும் மரமோ இதைப் பாதிக்காது. பாலம் நிற்கும்வரை இதுவும் நிற்கும். விலை மீயொலி உணரியைவிடப் பல மடங்கு. பதிவுக்கருவி, சோலார் பேனல், பேட்டரி, சிம் இணைப்பு எல்லாம் சேர்ந்தால் லட்சங்களில் பேச வேண்டியிருக்கும்.

விலைப்பட்டியலில் வராத செலவுகள் வேறு. பாலம் நெடுஞ்சாலைத் துறையுடையது, ஆறு நீர்வளத் துறையுடையது. எழுத்துப்பூர்வ அனுமதிக்கு இரு வாசல்களிலும் ஏற வேண்டும். பேட்டரியும் பேனலும் களவு போகின்றன; ஆகவே கைக்கெட்டாத உயரத்தில் பூட்டிய பெட்டி வேண்டும். சிம்மை ரீசார்ஜ் செய்வது யார் பொறுப்பு என்று முதல் நாளே எழுதிவைக்காத திட்டங்கள் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில் ஊமையாகிவிடுகின்றன. 2023 வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் பகுதியில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் துண்டிக்கப்பட்டதை நினைத்தால், செல்போன் வலையை மட்டும் நம்பிய எச்சரிக்கை அமைப்பு எந்த நேரத்தில் கைவிடும் என்பது விளங்கும். கருவி தன் நினைவகத்திலும் பதிவு செய்ய வேண்டும். எச்சரிக்கைக்கோ, ஒரு குறிப்பிட்ட மட்டத்தைத் தாண்டியதும் அந்த இடத்திலேயே ஒலிக்கும் சங்கு இருந்தால் அதைவிட நம்பகமானது வேறில்லை.

செயற்கைக்கோளைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். 2022 டிசம்பரில் ஏவப்பட்ட, நீர்மட்டத்தை அளக்கும் ஸ்வாட் (SWOT) செயற்கைக்கோள் 100 மீட்டருக்கு மேல் அகலமான ஆறுகளைக் கருத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்டது. ஒரே பாதைக்குத் திரும்பிவர 21 நாளாகும். ஊர்ப் பாசனத்துக்கோ வெள்ள எச்சரிக்கைக்கோ அது உதவாது.

## மட்டத்தைக் கனஅடியாக மாற்றுவது

மேலே சொன்ன நான்கும் மட்டத்தை மட்டுமே தருகின்றன. பங்கீட்டுப் பேச்சில் எடுபடுவது கனஅடிக் கணக்கு. காவிரியில் பிலிகுண்டுலுவில் அளக்கப்படும் எண்ணை வைத்துத்தான், 2018இல் உச்ச நீதிமன்றம் நிர்ணயித்த 177.25 டிஎம்சி வந்ததா இல்லையா என்று இரு மாநிலங்களும் வாதிடுகின்றன. ஊர் அளவிலும் அதே நிலைதான். ஆகவே கருவிக்கு ஒதுக்கும் பணத்தில் பாதியையாவது இந்தப் பகுதிக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அணைக்கட்டு இருக்கும் ஊருக்கு வழி எளிது. அணைக்கட்டின் மேல்தளத்தைத் தாண்டி வழியும் நீரின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் ஒன்றரை அடுக்கை (அதாவது அந்த எண்ணை அதன் வர்க்கமூலத்தால் பெருக்கியதை) 1.7ஆல் பெருக்கினால், ஒரு மீட்டர் நீளத்துக்கு நொடிக்கு எத்தனை கனமீட்டர் வழிகிறது என்ற தோராயமான அளவு கிடைக்கும். 30 செ.மீ. உயரத்துக்கு ஒரு மீட்டர் நீளத்தில் ஏறத்தாழ 10 கனஅடி. பலகையை 3 செ.மீ. தவறாகப் படித்து 33 என்று எழுதினால் அது 11.4 ஆகிவிடும், அதாவது 15 விழுக்காடு பிழை. வழியும் உயரம் ஒன்றரை மீட்டராக இருந்தால் அதே 3 செ.மீ. தரும் பிழை 3 விழுக்காடு மட்டும். பங்கீட்டுக்குத் துல்லியம் வேண்டும் என்று தொடக்கத்தில் சொன்னதன் கணக்கு இது. மணற்போக்கி மதகு திறந்திருந்தாலோ, நீரில் மிதந்து வளரும் அமலைச் செடிகள் வந்து மேல்தளத்தில் அடைத்துக்கொண்டிருந்தாலோ இந்தக் கணக்கு செல்லாது; அளவெடுப்பவர் ஏட்டில் அதற்கென ஒரு பத்தி இருக்க வேண்டும்.

அணைக்கட்டு இல்லாத இடத்தில் நேராக ஓடும் 20 அல்லது 30 மீட்டர் நீளத்தைத் தேர்ந்தெடுத்து, கயிறு கட்டி அகலத்தையும் பல இடங்களில் ஆழத்தையும் அளந்து, பாதி நீர் நிரப்பிய பாட்டிலை மிதக்கவிட்டு நேரம் பார்க்கலாம். மேற்பரப்பு நீர் சராசரியைவிட வேகமாக ஓடுவதால் 0.85ஆல் பெருக்க வேண்டும். 40 மீட்டர் அகலம், 0.6 மீட்டர் சராசரி ஆழம், நொடிக்கு அரை மீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 10.2 கனமீட்டர், அதாவது சுமார் 360 கனஅடி. பலத்த காற்று வீசும் நாளில் இதைச் செய்யக் கூடாது. ஒரே அளவீட்டை நம்பாமல் அகலத்தின் குறுக்கே பல தடங்களில் விட்டு எடுத்தால் பிழை குறையும். நீரோட்டத்தின் வேகத்தை அளக்கும் கரண்ட் மீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது: ஆழம் குறைந்த இடத்தில் மேலிருந்து 0.6 பங்கு ஆழத்தில் ஒரு அளவு, ஆழமான இடத்தில் 0.2, 0.8 பங்குகளில் இரண்டு அளவுகள். அருகிலுள்ள பொறியியல் கல்லூரியில் இரவல் கேட்கலாம். சொந்தமாக வாங்கத் தேவையில்லை. பாலத்திலிருந்து வீடியோ எடுத்து மேற்பரப்பு வேகத்தைக் கணக்கிடும் முறை, ஒருவரும் இறங்க முடியாத வெள்ளத்தில் அளக்க உதவுகிறது. இரவில் வெளிச்சமின்றி அது இயலாது.

வெவ்வேறு மட்டங்களில் இப்படி எடுத்த அளவுகளை ஒரே தாளில் குறித்து வரையும் கோடுதான் இந்த முயற்சி முழுவதின் உயிர். அந்தக் கோடு ஆற்றின் அடித்தளத்தைச் சார்ந்தது. கீழே மணல் அள்ளினாலும், பெருவெள்ளம் புதிதாக மேடு போட்டாலும், சீமைக்கருவேலம் கரைக்குள் வளர்ந்தாலும் கோடு மாறிவிடும். அதன் பிறகு ராடார் மில்லிமீட்டர் துல்லியத்தில் மட்டம் சொன்னாலும் கனஅடி தவறாகவே வரும். பெருவெள்ளத்துக்குப் பிறகு ஒருமுறையும், பருவத் தொடக்கத்தில் ஒருமுறையும் புதிதாக அளந்து கோட்டைச் சரிபார்ப்பதற்கான ஆள்கூலியும் திட்டத்திலேயே சேர வேண்டிய செலவு.

## யாருக்கு எது?

தண்ணீரைப் பங்கிடும் சங்கம் அணைக்கட்டிலும் ஒவ்வொரு வாய்க்கால் தலைமதகிலும் பலகை வைத்து, தலைமதகுகளில் மட்டும் வசதியிருந்தால் மீயொலி உணரி சேர்க்கலாம். தமிழ்நாட்டின் 2000ஆம் ஆண்டுப் பாசன முறைகளில் விவசாயிகள் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் அமைந்த சங்கங்களுக்கு, நீர்வளத் துறைப் பொறியாளரோடு சேர்ந்தே எண்களை ஒப்புக்கொண்டு கையெழுத்திடும் பழக்கம் மிக உதவும். இரு தரப்பும் ஒரே பலகையைப் படித்த எண்ணைப் பின்னர் மறுப்பது கடினம். வெள்ள எச்சரிக்கை வேண்டும் ஊராட்சி, ஊருக்கு மேலே இரண்டு, மூன்று மணி நேர நீரோட்டத் தொலைவில் இருக்கும் பாலத்தில் ராடாரை வைப்பதே சரி; தன் ஊர்ப் பாலத்தில் வைத்தால் வெள்ளம் வந்த பிறகுதான் அது வெள்ளம் என்று சொல்லும். அந்த நிதி இல்லாத ஊராட்சி மேலே உள்ள ஊரில் பலகையும் விழிப்பான ஒருவரும் இருக்க ஏற்பாடு செய்யட்டும். ஆராய்ச்சிக் குழுக்கள் இரண்டு வகைக் கருவிகளை அருகருகே வைத்து, ஒன்றை இன்னொன்று சரிபார்க்க விட்டால்தான் பதிவு நம்பத்தக்கதாக இருக்கும்.

எந்த முறையாக இருந்தாலும், பலகையின் சுழியத்தைக் கரையிலுள்ள அசையாத ஒரு குறியோடு, அதாவது பெரிய பாறையிலோ கோயில் படியிலோ வெட்டிய அடையாளத்தோடு, மட்டமானி கொண்டு இணைத்து அதன் உயர வேறுபாட்டை எழுதிவைக்க வேண்டும்; பலகையை வெள்ளம் பிடுங்கிச் சென்றாலும் அதே சுழியத்தில் புதிய பலகையை நட அதுவே ஆதாரம். ஆற்றின் அடித்தளம் தெரிய, தூணின் அடிவரை இறங்கி நிற்க முடிகிற கோடையில் இந்த வேலையை முடித்துவிட்டால், கார் பருவத்துக்கு அணை திறக்கும் முதல் நாளிலிருந்தே அளவு எழுதத் தொடங்கலாம்.